சோப்பு தொடாத சோப்பு வாத்தியார்

வெந்நீரில் முகத்தை நனைத்து, நுரையே இல்லாமல் கன்னத்தில் பிளேடை இழுக்கிறார் வேதியியல் பேராசிரியர். "ஸ்ஸ்..." என்கிறார். கீறிய இடத்தில் செய்தித்தாள் துணுக்கை ஒட்டிக்கொள்கிறார். அவர் கல்லூரி போய்ச் சேர்வதற்குள் முகத்தில் பாதித் தலைப்புச் செய்தியைப் படித்துவிடலாம்.

இத்தனைக்கும் மனிதர் ஆராய்வது சோப்பைத்தான். தண்ணீரில் தனித்தனியாகத் திரியும் சோப்பு மூலக்கூறுகள் ஓர் அளவைத் தாண்டினால் உருண்டை உருண்டையாகக் கூடிக்கொள்ளும். அங்கே ஒரு கோபால்ட் அணைவுச் சேர்மத்தைக் கொண்டுபோய் விடுவார். நடுவில் உலோகம், சுற்றிலும் அம்மோனியா, அசல் கூட்டுக்குடும்பம். அது வந்தபின் சோப்பு எவ்வளவு சீக்கிரம் கூடுகிறது என்பதே கேள்வி. வெளிச்சோப்பு துளி கலந்தாலும் கருவி பொய் சொல்லிவிடுமாம். அதனால் இரண்டு வருடமாக அவர் மேல் சோப்பு படவில்லை. சட்டையைத் தனி வாளியில் வெறும் தண்ணீரில் அலசுகிறார். யாராவது கை கொடுக்க வந்தால் தன் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். பேருந்தில் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. தனக்கு மரியாதை கூடிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

"உலோகத்துக்கு ப்ளஸ், என் சோப்புக்கு மைனஸ். அதான் பார்த்ததும் ஒட்டிக்குது. நீயும் நானும் ஒரே சார்ஜ்டி" என்பார் மனைவியிடம்.

"ஒட்டவும் வேணாம், உரசவும் வேணாம். முதல்ல சோப்பு போட்டுக் குளிங்க" என்பார் அந்த அம்மாள், ஜன்னலைத் திறந்தபடி.

இன்று வசமாக மாட்டிக்கொண்டார். மகள் மருத்துவமனையிலிருந்து பச்சைக் குழந்தையோடு வந்திருக்கிறாள். பேத்தி. ஓடிவந்தவரை மகள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"சோப்பு போட்டுக் கை கழுவிட்டு வாங்கப்பா."

"இன்னும் ஆறு மாசம் அளக்கணும்மா. இப்போ சோப்பு பட்டா எல்லாம் ஆத்துல கரைச்ச புளி. கையுறை போட்டுக்கிட்டுத் தூக்கட்டுமா?"

"இது என்ன ஆசிட் பாட்டிலா?"

"ஒரு துண்டு மேல வச்சுக் குடேன்."

"ஆறு மாசம் கழிச்சே வாங்கப்பா. அவளே தவழ்ந்து வந்து உங்ககிட்ட உட்காருவா."

பேராசிரியர் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார். குழந்தை கொட்டாவி விட்டது. அதன் உதட்டில் எச்சில் குமிழி ஒன்று உப்பி, கொஞ்ச நேரம் நின்று, உடைந்தது. இன்னொன்று கிளம்பியது.

"அடியே! நுரை விடுறா, பாரேன்!"

சொன்னவர் மறுநொடி அங்கே இல்லை. குளியலறையில் குழாய் திறந்தது. புதுச் சோப்பின் காகிதத்தை எந்தப் பக்கம் பிரிப்பது என்று தெரியாமல் பல்லால் கடித்துத் துப்பும் சத்தம் கேட்டது. தேய்த்தார், தேய்த்தார், இரண்டு வருடத்துக்கும் சேர்த்துத் தேய்த்தார்.

குழாய் மூடிய சத்தத்தைக் காணோம். முழங்கை வரை நுரை வழிய, கழுவ மறந்து, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு மகள்முன் வந்து நின்றார்.