நான் ஊதாத பியூகிள்

நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. இது எனக்கே நடந்தது. யாரையாவது திட்டணும்னா என்னைத்தான் திட்டணும்.

அமெரிக்காவுல, நெப்ராஸ்கா மாநிலத்துல கல்யாண வீடுகள்ல டிரம்பெட் ஊதறவன் நான். போர்வீரர் யாராவது தவறிட்டா, கல்லறைக்குப் போய் பியூகிள்ங்கற ராணுவ ஊதுகொம்புல கடைசி வணக்க மெட்டையும் ஊதுவேன். பல் செட் போட்டதுக்கு அப்புறம் ஊதறதுக்கு உதடு நிக்கல. அதனால பியூகிளோட அகல வாய்க்குள்ள ஒரு சின்ன ஸ்பீக்கரைச் சொருகிடுவேன். பட்டனை அமுக்கினா அதுவே பாடும். நான் கன்னத்தை உப்பிக்கிட்டு நிப்பேன். இங்கே பல பேர் அப்படித்தான்.

ஆனா பழைய சிப்பாய் ஆர்வில் ஹாஸ்கெட் இறந்தப்போ அவர் மனைவி மேக்சின் போன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "வியட்நாம் போர்ல செத்த கூட்டாளிங்களுக்கெல்லாம் அவர்தான் ஊதினாரு. மிஷின் வேணாம் தம்பி. மனுஷ மூச்சு வேணும்."

"நானே ஊதறேம்மா"ன்னேன். வாய் கூசல.

என் பொண்டாட்டி ஜோலீன் சிரிச்சா. "ஊதிக் கிழிச்ச! அந்த ஸ்பீக்கர் பொம்மைய மறக்காம எடுத்துக்கோ."

கல்லறைத் தோட்டம், காலை பதினொரு மணி. பனி கொட்டுது. சிப்பாய்ங்க சவப்பெட்டிக்கு மேல கொடியை விரிச்சுப் பிடிச்சிருந்தாங்க. நான் கையுறையோட பியூகிளுக்குள்ள தடவினேன். ஏதோ மெத்துன்னு தட்டுப்பட்டுச்சு. பட்டன்தான்னு நினைச்சு அமுக்கினேன். உதட்டுல வெச்சேன்.

சத்தமே இல்ல.

அப்புறம்... யாரோ மூச்சை இழுத்தாங்க. பியூகிளுக்குள்ள.

மெட்டு கிளம்பிச்சு. ஸ்பீக்கர் பாட்டு பிசிறே இல்லாம வரும். இது கரகரன்னு வந்துச்சு. ஜில்லுன்னு இருந்த பித்தளை கதகதன்னு ஆச்சு.

நீளமா இழுக்கற இடத்துல பாதியில நின்னுச்சு.

ஹ்ஹ்... மூச்சு.

மறுபடி தொடங்கிச்சு.

நான் ஊதல. சத்தியமா ஊதல.

முடிஞ்சதும் குழாயிலிருந்து எச்சில் சொட்டுச்சு. என் வாய் காய்ஞ்சு கிடந்துச்சு.

காருக்கு ஓடினேன். பியூகிளுக்குள்ள கை விட்டேன். காலி. போன் அடிச்சுது. ஜோலீன்.

"பொம்மைய சமையல் மேடையிலேயே வெச்சுட்டுப் போயிட்டியே! என்னய்யா பண்ணின?"

போனை வெச்சேன். யாரோ கார் கண்ணாடியைத் தட்டினாங்க... மேக்சின். கண்ணெல்லாம் தண்ணி.

"பாதியில மூச்சு வாங்கினீங்களே தம்பி... அவரும் அதே இடத்துலதான் வாங்குவாரு. குண்டு பட்டு, அவருக்கு ஒரு நுரையீரல்தான். நீங்க சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க."

நான் இல்லம்மான்னு சொல்லியிருக்கணும்.

"பரவால்லம்மா"ன்னேன். வெட்கங்கெட்டவன்... அந்த நன்றியை நானே வாங்கிக்கிட்டேன்.