தட்டிக்கு அந்தப் பக்கம்

எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. பழவேற்காட்டில் பழைய வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். பொன்னேரியில் என்னோடு ஒரே வாடகை வீட்டைப் பங்கு போட்டுக்கொண்ட வக்கீல். நடுவில் ஒரு மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நான் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்து, எங்கள் ஆட்களில் முதன்முதலாகக் கறுப்புக் கோட்டு போட்டவன். ஏரிக்காரர்கள் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள் என்று நம்பி, எழுபதுகளின் கடைசியில் பெயர்ப்பலகை மாட்டினேன். வந்தார்கள். வந்து, என் பலகையைத் தாண்டி அவரிடம் போனார்கள். என் சொந்தச் சித்தப்பாவே போனார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படி என்னதான் செய்கிறார் என்று தட்டியின் இடுக்கு வழியாகப் பார்ப்பேன். ஒரு நாள் இல்லை, பல நாள். ஒன்றுமே செய்யமாட்டார். ஒரு கட்சிக்காரர் எழுந்து போனதும் பேனாவை மூடி வைப்பார். ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பார். கண்ணை மூடிக்கொண்டு, கையை மேசைமேல் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பிறகுதான் அடுத்தவரைக் கூப்பிடுவார். இதற்கா இத்தனை கூட்டம்? நானானால், வந்தவர் பாதி சொல்வதற்குள் வழக்கு இன்னதென்று முடித்துவிடுவேன். அதில் எனக்குக் கர்வம் வேறு.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, எங்கள் குப்பத்துக்கு எதிர்க்கரையிலிருந்து ஒரு அக்கா என்னிடம் வந்தார். புருஷன் இறந்து நான்கு மாதம். ஏரியில் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வலை கட்டும் இடங்களைப் பாடு என்போம். எந்த நாளில் யாருக்கு எந்தப் பாடு என்று ஊர் கூடிச் சீட்டு எடுக்கும். பட்டியலில் பேர் இருப்பவர்தான் எடுக்கலாம். புருஷனின் பேரைத் தன் பேருக்கு மாற்றினால், தன் தம்பி வலை கட்டுவான், அடுப்பு எரியும் என்பது அக்காவின் கணக்கு. ஊர்ப் பெரியவர்களோ, பாட்டை விட்டுக்கொடுத்ததாகக் கைநாட்டு வைக்கச் சொல்லி ஒரு காகிதத்தைக் கொடுத்திருந்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை சீட்டு. கைநாட்டு வைத்துவிட்டால் அந்த வீட்டின் பேர் பட்டியலிலிருந்து போனது போனதுதான்.

அக்கா பேச ஆரம்பித்தபோது லைட்ஹவுஸ் குப்பத்துப் படகுக்காரர் ஒருவர் வாசலில் செருப்பை விட்டார். என்னிடம் வருவதாகச் சொல்லியிருந்தவர். நேராக அந்தப் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு என் காது இரண்டும் தட்டியின் மேல்தான். அக்கா என்ன சொன்னார் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது. கைம்பெண்ணுக்குப் பாடு கிடையாது, ஏரியில் பிறந்த எனக்குத் தெரியாத வழக்கமா, கைநாட்டு வைத்துவிட்டு ஊர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். படகுக்காரர் போனதும் அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கும் சத்தம். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் சத்தமே இல்லை. பிறகு அக்காவை உள்ளே கூப்பிட்டார். ரொம்ப நேரம் அக்காவின் குரல் மட்டுமே கேட்டது. கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்க ஊர்ல இதுக்கு முன்னாடி எந்தப் பொம்பளையாவது சீட்டு எடுத்திருக்காங்களாம்மா?"

"எங்க மாமியா எடுத்துச்சே. மாமனாரு போனப்புறம் மூணு வருசம். அந்தப் பாடுதானே எங்க ஊட்டுக்காரருக்கு வந்துச்சு."

எங்கள் குப்பத்தில் இல்லாத வழக்கம் எதிர்க்கரையில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஏரியில் ஒருநாளும் வலை கட்டியறியாத மனுஷனுக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது.

சற்று நேரத்தில் அவரே அக்காவைக் கூட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். உங்கள் கட்சிக்காரர், நீங்களே பாருங்கள் என்றார். எனக்குப் பிச்சை போடுகிறீர்களா என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "எனக்கும் கோவம்தான் சார், உங்க மேல. அந்தக் கோவத்தோட அந்தம்மாவை உள்ள கூப்பிட்டிருந்தா, உங்களைத் தப்புன்னு காட்டத்தான் கேட்டிருப்பேன். அந்தம்மா சொல்றது காதுல விழுந்திருக்காது. அது அடங்கட்டும்னுதான் சும்மா உக்காந்திருந்தேன்."

என்னைத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இந்தப் பெரிய மனுஷத்தனம்தான் இன்னும் எரித்தது.

ஆனாலும் செவ்வாய்க்கிழமை படகேறிப் போனேன். அக்காவுக்காகப் பாதி, அவர் முன்னால் தோற்கக்கூடாது என்று பாதி. கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. காகிதத்தில் கைநாட்டு எங்கே என்று பெரியவர் ஒருவர் அதட்டினார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. சட்டம் பேசி அவர் வாயை அடைக்க நாக்கு துடித்தது. பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி மெதுவாகக் குடித்தேன். யாரைக் காப்பியடிக்கிறேன் என்று தெரிந்தேதான் குடித்தேன். பிறகு, இந்த அம்மாவின் மாமியார் சீட்டு எடுத்தது உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டேன்.

கடைசியில் அதட்டிய பெரியவரே, "எடுத்தாங்க. இல்லன்னு சொன்னா சாமி கேக்கும்" என்றார். அக்கா போய்ச் சீட்டு எடுத்தார். நல்ல பாடாகவே விழுந்தது.

திரும்பும்போது படகுத்துறை வரைக்கும் அக்கா கூட வந்தார். பெருமை தாங்காமல், இனிமேல் உங்கள் ஊர்க்காரர்களை அந்தப் பக்கம் போகவிடாமல் என்னிடம் அனுப்புங்கள் என்றேன்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நான் மொதல்ல உன்கிட்டதானே வந்தேன் தம்பி" என்றார்.