அக்காவின் லீவும் நான் விட்ட காலிக் கட்டமும்

நான் எத்தனை பெரிய முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உறவினர்கள் பலருக்கும் தெரியும். தெரியாத ஓரிருவருக்காகச் சொல்கிறேன். சனிக்கிழமை வருகைக்கு வெள்ளிக்கிழமை மாலையே கையெழுத்துப் போட்டுவிட்டு, சிநேகிதர்களோடு வால்பாறைக்கு பஸ் ஏறியவன் நான். அந்த வருகைப் பதிவேட்டைப் பார்ப்பவர் என் சொந்த அக்கா என்பது, மலைப்பாதையில் பாதி வளைவு ஏறிய பிறகுதான் உறைத்தது.

ஞாயிறு மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு. குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "ஏண்டா தம்பி, நேத்து ஆபீஸுக்கு வந்திருந்தியாமா? கையெழுத்து இருக்குது, ஆளைத்தான் காணோம்."

"கூட்டத்துல நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க்கா."

"நாப்பது பேரு உனக்குக் கூட்டமா?"

திங்கட்கிழமை என் கையெழுத்தின் மேல் சிவப்பு மையில் 'விடுப்பு' என்று இருந்தது. விளக்கக் கடிதமும் எழுதி வாங்கினார்.

அக்கா பிறந்தது சத்தியமங்கலத்துக்குப் பக்கத்து ஊரில். அப்பா காலமானபோது அவருக்கு இருபது வயது, எனக்கு ஒன்பது. தட்டச்சு படித்த கையோடு கோவையில் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியின் அலுவலகத்தில் சேர்ந்தார். அம்மாவையும் என்னையும் அழைத்து வந்து வைத்துக்கொண்டார். என்னைப் படிக்கவைத்து, அதே கம்பெனியின் கொள்முதல் பிரிவில் சேர்த்தும் விட்டார். அக்கா செய்த ஒரே தவறு அதுதான் என்று அந்தப் பிரிவில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

மாதச் சம்பளக்காரர்களான எங்களுடைய வருகையும் லீவும் அக்காவின் பொறுப்பு. காலை ஒன்பது பத்துக்குப் பதிவேடு அவர் அறைக்குள் போய்விடும்; மாலையில்தான் வெளியே வரும். ஒன்பது பத்துக்குப் பிறகு வருபவர் அவர் எதிரில் காரணம் எழுதித்தான் கையெழுத்திட வேண்டும். ஒருநாள் மேனேஜரே நின்றார். "ரயில்வே கேட் போட்டுட்டாங்கம்மா" என்றார். "எந்த கேட்டுன்னும் எழுதிருங்க சார்" என்றார் அக்கா. அதே அக்காதான், "ஏனுங்க, உங்களுக்கு எட்டு நாள் லீவு சும்மா கெடக்குது, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்று மேசை மேசையாகப் போய்ச் சொல்வார். தன் லீவை மட்டும் மகளின் பிரசவத்துக்கென்று சேர்த்தார். நூறு நாளுக்கு மேல் சேர்ந்திருந்தது. முப்பது ஆண்டுகளில் அவர் பெயருக்கு நேரே ஒரு 'ஆப்சென்ட்' கிடையாது.

பிறகு முகத்தைக் காட்டினால் வருகை பதியும் இயந்திரம் வந்தது. லீவு கேட்கப் போனில் ஒரு செயலி. பழைய லீவு விவரங்களை அதில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது. காலை வணக்கப் படங்களை நாள் தவறாமல் அனுப்புகிறவன் என்பதால், எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நம்பிவிட்டார்கள். அக்காவின் கட்டத்தை மட்டும், அவரிடமே கேட்டுப் போடலாம் என்று காலியாக விட்டேன். மறந்தும் போனேன். அச்சடித்த பட்டியலில் எல்லாருடைய வரியையும் அக்கா இருமுறை சரிபார்த்துக் கையெழுத்திட்டார். தன் வரியை மட்டும் பார்க்கவில்லை.

புற்றுநோய் என்று தெரிந்த வாரம், முதன்முதலாக லீவு கேட்கச் செயலியைத் திறந்தார். சுழியம் என்று காட்டியது. "மிஷின்ல ஏதோ கோளாறாட்ட இருக்குது" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். 'கையொப்பமிட்ட பட்டியலில் இல்லை. புகார் முடிக்கப்பட்டது' என்று பதில் வந்தது. பழைய பதிவேட்டைப் படமெடுத்து அனுப்பினேன். கையால் எழுதியது செல்லாதாம். போன் செய்தால் ஒரு பெண் பேசினார்.

"சிஸ்டத்துல ஜீரோன்னு காட்டுதுங்க சார்."

"ஜீரோ ஆக்குனதே நாந்தானுங்க."

"அப்போ உங்க தப்புன்னு ஒத்துக்கறீங்களா சார்?"

"ஒத்துக்கறேனுங்க."

"நல்லதுங்க சார், பதிவு பண்ணிட்டேன். புகாரை முடிச்சிரலாங்களா?"

முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் வந்த வாய், அக்காவிடம் மட்டும் வரவில்லை.

மருந்து ஏற்றிய மறுநாளே அக்கா வேலைக்கு வந்தார். மேனேஜர், "வீட்ல இருங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். "லீவு இல்லாம ஊட்ல இருந்தா அதுக்குப் பேரு ஆப்சென்ட்டுங்க சார்" என்றார் அக்கா. முடியெல்லாம் கொட்டி, கன்னம் ஒட்டிப்போன பிறகு இயந்திரத்துக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. 'முகம் பொருந்தவில்லை' என்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நிற்பார். படுத்திருக்க வேண்டிய நாள்களில் அந்த இரும்புப் பெட்டியின் முன்னால் நின்றார் அக்கா. அவரை அங்கே நிறுத்தியது நான். அந்தப் பெட்டியை ஓங்கி ஒரு குத்து விட்டேன். என் கைதான் வீங்கியது.

அக்கா போன பதினோராம் நாள் எனக்குத் தகவல் வந்தது. லீவு சேர்க்கப்பட்டுவிட்டதாம். இனி விண்ணப்பிக்கலாமாம்.

கடைசிவரை பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்ட மாமாவுக்கும், கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த அக்கா மகளுக்கும், முகம் சுளிக்காத செவிலியருக்கும், சோறு ஆக்கிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், ஒருநாள் முழுக்க அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வந்து நின்ற மேனேஜருக்கும் சக ஊழியர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அக்கா போவதற்கு இரண்டு நாள் முன்பு, கட்டிலோரம் நின்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். "அக்கா, மிஷின் கோளாறு இல்லீங்க்கா. உங்க கட்டத்தை நாந்தான் நெரப்பாம உட்டுப்போட்டேன்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தேகால்.

"தெரியுங் கண்ணு, நீ இன்னிக்கு லீவு போட்டியா?"