ஈரம் குடிக்கும் டப்பாக்கள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், தகடுகளை அழுத்தி வண்டிகளுக்கான பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். எங்கள் ஷெட்டைப் பெருக்கித் துடைக்க ஒப்பந்தத்தில் வந்த ஒரு அக்கா, சேர்ந்த இரண்டாவது வாரமே என்னை வழிமறித்தார்.

“நைனா, இத்த எங்க கொட்றது? குப்ப வண்டிக்காரனும் வாணாம்றான், காயலாங்கடைக்காரனும் வாணாம்றான்.”

அவர் கையிலிருந்த சாக்கில் முழுக்க பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றும் ஒரு சொம்பு அளவு இருக்கும். உள்ளே வெளிறிய ரோஜா நிறத்தில் சின்னச் சின்ன மணிகள். ஷெட்டுக்குப் பின்னால், கம்ப்ரஸர் அறையை ஒட்டி, அதே மாதிரி டப்பாக்கள் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தன. அங்கே வீசியது பெரும்பாலும் நான்தான்.

எங்கள் பிரஸ்களுக்குப் பக்கத்தில் பெரிய எண்ணெய்த் தொட்டிகள் உண்டு. பிரஸ் இறங்கி ஏறும்போது தொட்டியில் எண்ணெய் மட்டம் கூடிக் குறையும். குறையும்போது வெளிக்காற்று உள்ளே போகும், காற்றோடு ஈரமும் போகும். எங்கள் பக்கம் கடல் காற்று. கழுவிப்போட்ட பனியன் மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் காயாது. அந்த ஈரம் எண்ணெயில் இறங்கினால் பம்பு போய்விடும். அதனால் தொட்டியின் மூக்கில் இந்த டப்பாவைத் திருகி வைப்போம். உள்ளே இருக்கும் நீல மணிகள் ஈரத்தைக் குடித்துக் குடித்து ரோஜா நிறமாகிவிடும். நிறம் மாறினால் கழற்றி வீசிவிட்டுப் புதுசு மாட்ட வேண்டும். கோடையில் ஒரு மாதம் தாங்குவது ஐப்பசி, கார்த்திகையில் பத்து நாள்கூடத் தாங்காது.

பின்னால் இருந்த குவியலைக் கைகாட்டி, “அங்கயே போடுக்கா, பாத்துக்கலாம்” என்றேன். அக்கா நகரவில்லை.

“இது ஜவ்வரிசி கணக்கா கீதே, காயவெச்சா திரும்ப வராதா?”

எனக்குச் சுருக்கென்றது. வரும் என்று எனக்குத் தெரியும். ஐ.டி.ஐ.யில் படித்ததுதான். சிலிக்கா ஜெல்லைச் சூடு செய்தால் குடித்த தண்ணீரை விட்டுவிட்டு மறுபடி நீலமாகும். தெரிந்துகொண்டே இத்தனை வருடம் வீசிக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் ஒரு டப்பாவை ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன். திறக்க முடியாதபடி ஒட்டித்தான் செய்கிறார்கள். மணிகளை ஒரு தட்டில் பரப்பி, வெல்டிங் ராடு காயவைக்கும் ஓவனில் வைத்தேன். அக்கா துடைப்பத்தோடு வந்து வந்து எட்டிப் பார்த்தார். டீ நேரம் முடிவதற்குள் ஓரத்து மணிகள் ஊதாவாகின. ஷிஃப்ட் முடியும்போது தட்டு முழுக்க நீலம்.

“பாத்தியா, நான் சொல்லல?” என்று அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

அதன்பிறகு ஏழெட்டு மாதம், என் வேலையில் நான் சந்தோஷமாக இருந்த காலம் என்று அதைத்தான் சொல்வேன். வீணான குழாய்த் துண்டுகளை வெட்டி, அடியில் சல்லடை வைத்து, பக்கத்தில் நிறம் தெரிவதற்கு ஒரு கண்ணாடித் துளையோடு, திறந்து மூடும் டப்பாக்களைச் செய்தேன். மேனேஜரிடம் காட்டினேன். அவர் நல்ல மனிதர். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “முதல்ல நாலு தொட்டில போட்டுப் பாரு” என்றார். நாலு எட்டானது, பிறகு எல்லாத் தொட்டியும்.

காயவைக்கும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டார். குறைகிற மணிக்குப் பதிலாகப் புதுசு வாங்கும் மூட்டையோடு ஒரு தாள் வரும். அந்த நீலச்சாயம் உடம்புக்கு ஆகாது, தண்ணீரில் கலக்க விடக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். அதைப் படித்துக் காட்டி, கையுறையும் மாஸ்க்கும் வாங்கிக் கொடுத்தேன். முதலில், “வேர்க்குது நைனா, பேஜாரா கீது” என்றவர் அப்புறம் பழகிக்கொண்டார். எண்ணெய் ஏறிப் பழுப்பாகிப்போன மணிகள் எவ்வளவு காய்ந்தாலும் தேறாது. அவற்றை மோந்து பார்த்தே தனியாக ஒதுக்கிவிடுவார். சூடு கூடினால் மணி கறுத்துக் கெட்டுவிடும் என்று ஓவன் கதவிலிருந்த சூடு காட்டும் மீட்டரில் கரியால் ஒரு கோடு கிழித்து, முள் அதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார். வாரத்துக்குச் சாக்கு சாக்காய் வீணாய்ப் போனது ஒரு சின்ன டப்பா அளவுக்கு இறங்கியது. பின்னால் இருந்த குவியலைக்கூட மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டு வந்தோம்.

அப்போதுதான் புதிதாக வந்த ஒரு பிரஸ்ஸில் எண்ணெய் டீ மாதிரி ஆனது. தண்ணீர் கலந்துவிட்டது, பம்பு கத்திக்கொண்டு நின்றுவிட்டது. மிஷின் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். தொட்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். என் டப்பாவின் முன்னால் நின்று, நாலு பக்கமும் போட்டோ எடுத்தார்.

“திஸ் இஸ் நாட் அவர் பார்ட், இது எங்க சாமான் இல்ல” என்றார் மேனேஜரிடம்.

“சார், கூலர்ல ஓட்டை இருக்கலாம், அதத் தெறந்து பாத்துட்டு...” என்று நான் ஆரம்பித்தேன். எண்ணெயைக் குளிர்விக்க அதன் நடுவில் தண்ணீர்க் குழாய்கள் போகும். டப்பா வழியாக அவ்வளவு தண்ணீர் வர வழியே இல்லை. இன்ஜினியர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் எழுதிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் கூலரைக் கழற்ற அனுமதி கிடைத்தது. அதை ஒரு அண்டாத் தண்ணீரில் முக்கி, குழாய்களுக்குள் காற்றைக் கொடுத்தேன். ஒரு குழாயிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழ் வந்தது. ஓடிப்போய் மேனேஜரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் குனிந்து ரொம்ப நேரம் அந்தக் குமிழையே பார்த்தார்.

“தெரியுதுப்பா. ஆனா ரிப்போர்ட் மேல போயிடுச்சு. நம்ம செஞ்ச டப்பா இருக்கற வரைக்கும் வாரண்டி கிடையாதுன்னு எழுதிட்டாங்க. எல்லா மிஷினுக்கும் சேத்துதான்.”

“நான் வேணா எழுதிக் குடுக்கறேன் சார்.”

“நீ எழுதி இன்னா ஆவப் போவுது?” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதிலுக்குப் பேச வந்திருக்கும்.

ஒரே ஷிஃப்டில் என் டப்பாக்களையெல்லாம் என் கையாலேயே கழற்றினேன். பழைய மாதிரியே கடையில் வாங்கும் பிளாஸ்டிக் டப்பாக்கள் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கின. அந்த மாதக் கடைசியில், ஓவன் வேலை இல்லையென்றால் ஆள் அதிகம் என்று காண்ட்ராக்டர் அக்காவை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டான். போகிற அன்று அவர் ஓவன் தட்டைச் சுத்தமாகத் துடைத்து வைத்துவிட்டு, “நான் எதனா தப்பு பண்ணிட்டனா நைனா? சூடு ஜாஸ்தி வெச்சிட்டனா?” என்று கேட்டார். இல்லையென்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. அவர் நம்பிய மாதிரித் தெரியவில்லை.

பின்னால் இருந்த குவியலை எடுத்துப்போக ஒரு லாரியை ஏற்பாடு செய்தார்கள். முறையாக எரித்து அழிக்கிற இடத்துக்குப் போகிறது என்றார்கள். நானும் நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது.

அந்த வருட மழையில் ஒருநாள் காலை, கவரைப்பேட்டையிலிருந்து ஏரிக்கரை வழியாக வண்டியில் வந்துகொண்டிருந்தேன். மெயின் ரோட்டில் தண்ணீர் நின்றதால் அந்த வழி. கரைச் சரிவில் வேலிக்காத்தான் புதருக்குள் வெள்ளையாக ஏதோ குவிந்திருந்தது. தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். டப்பாக்கள். லாரி ஏறி நசுங்கியதில் பாதி உடைந்து, மணிகள் சேற்றில் ரோஜா ரோஜாவாகச் சிதறித் தண்ணீர் வரைக்கும் இறங்கியிருந்தன. ஒன்றை எடுத்துத் துடைத்தேன். மாட்டிய தேதியும் தொட்டி நம்பரும் மார்க்கர் பேனாவில் எழுதியிருந்தது. என் கையெழுத்து.

அன்று லீவு போட்டேன். அரிசிச் சாக்கு வாங்கிவந்து, கைக்குச் சிக்கிய டப்பாக்களையெல்லாம் பொறுக்கினேன். மூன்று சாக்கு நிறைந்தது. மணிகளைப் பொறுக்க முடியவில்லை. சேற்றோடு அள்ளினால் சேறுதான் வந்தது. ஆடு ஓட்டிவந்த ஒருவர் நின்று, “இன்னா தேட்ற?” என்றார். “ஒண்ணுமில்ல” என்றேன்.

மறுநாள் ஒரு சாக்கை வண்டியில் கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி தடுத்தார். எங்களுக்குள் பத்து வருடப் பழக்கம்.

“வெளிய போற கழிவுக்கு பேப்பர் கீது. உள்ள வர்ற கழிவுக்கு பேப்பரே இல்லப்பா. நான் இன்னான்னு எழுதறது?”

மேனேஜருக்குப் போன் செய்தேன். அவர் மெதுவான குரலில், “அத லாரிக்காரன்கிட்ட கையெழுத்து வாங்கிக் குடுத்தாச்சு. அப்பால அது நம்மளுது இல்ல. நீ ஏன் அத எடுத்த? இப்ப அது உன் கையில இருக்கு. யாராவது கேட்டா நீ இன்னா சொல்லுவ?” என்றார். லாரிக்காரனைக் கேட்கிறேன் என்றும் சொன்னார். கேட்டிருப்பார். அடுத்த மாதம் வேறு லாரி வந்தது. அது எங்கே போகிறதென்று நான் பின்னால் போய்ப் பார்க்கவில்லை.

மூன்று சாக்கும் என் வீட்டுக்குப் பின்னால், பாத்ரூம் சுவரோரம், ஷீட்டுக்கு அடியில் இருக்கின்றன. முதல் வாரம் என் மனைவி, “ஊட்டுக்கு எதுக்குய்யா எடுத்தாந்த? புள்ளைங்க கை வெக்கும்” என்று சத்தம் போட்டாள். வாய்கட்டி, தார்ப்பாய் போட்டு மூடினேன். அப்புறம் ஒருநாள் அவளே கேட்டாள், “எங்கதான் போடணும் இத்த?” யோசித்துப் பார்த்தேன். குப்பை வண்டி எடுக்காது. காயலாங்கடையும் எடுக்காது. ஓவனில் காயவைக்கலாம், ஆனால் என்னிடம் ஓவன் இல்லை. அவள் தார்ப்பாயை இழுத்துச் சரியாக மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போன மாதம் ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலப் படியில் அக்காவைப் பார்த்தேன். இளைத்திருந்தார். இப்போது ஏதோ எலக்ட்ரிக் சாமான் பேக்கிங் செய்கிற இடத்தில் வேலையாம்.

“அங்கயும் அந்த மணி வருது நைனா, சின்னச் சின்ன பொட்லமா. அட்டப் பொட்டியோட வருது, அப்படியே தூக்கிக் கடாசிர்றானுங்க. நான் சொன்னேன், இத்தக் காயவெச்சா திரும்ப வரும், நாங்க அந்தக் கம்பெனில பண்ணோம்னு. சூப்பர்வைசர் சிரிக்கிறான்.” பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். “நீ ஒரு வார்த்த வந்து சொல்லேன். நீ சொன்னா கேப்பாங்க. உங்க கம்பெனில இன்னும் நீ செஞ்ச டப்பாதான் ஓடுதுன்னு சொல்லு.”

என் டப்பாக்களைக் கழற்றிப் பிளாஸ்டிக் டப்பாக்களை மாட்டியபோது அவர் இன்னும் எங்கள் ஷெட்டில்தான் இருந்தார். ஆனாலும் அப்படித்தான் சொன்னார். கூலரில் ஓட்டை இருந்தது தெரிந்துவிட்டதே, பிறகு எல்லாவற்றையும் திரும்ப மாட்டியிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “சொல்றேன்க்கா” என்றேன்.

“எப்ப வர்ற?”

“ஒரு லீவு நாள்ல வர்றேன்.”

கம்பெனி எங்கே இருக்கிறது, எந்த கேட், யாரைக் கேட்க வேண்டும் என்று பொறுமையாக வழி சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அதற்குப் பிறகு நாலு லீவு நாள் போய்விட்டது.