கண்ணாடித் தகட்டில் கிடைத்த வரம்

முருகனை நம்பும் என் சொந்தங்களே, இன்று உங்கள் முன் நின்று மூச்சுவிட்டுப் பேசுவதே அவன் கொடுத்த வரம்.

நான் மலேசியாவில், மலாக்கா பக்கம் சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். வீடு பாச்சாங்கில். போன வருடம் விடாத இருமல் வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், நுரையீரலில் தழும்பு விழுகிறது என்றார். மோசமான வகையாக இருந்தால் தடுத்து நிறுத்த மருந்தில்லை. நுரையீரலில் சிறு துண்டு எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும் என்றார். துண்டைக் கொடுத்துவிட்டு வந்து அழுதேன். என் மனைவி சரோஜாவும் அழுதாள்.

அன்றுமுதல் முருகனே கதி. நான் ஆசையாய்ப் புறா வளர்ப்பவன். அவற்றின் குரல் கேட்டால் மனம் ஒன்றும். அதனால் கூண்டுகளைச் சாமி அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு கும்பிட்டேன். கும்பிடக் கும்பிட இருமல் கூடியது. முருகன் சோதிக்கிறான் என்று இன்னும் அதிக நேரம் கும்பிட்டேன்.

துண்டைப் பரிசோதித்தவர் ஒரு தமிழ்ப் பெண் டாக்டர். எங்களைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். நாங்கள் பயந்த வியாதி என்றால் நுரையீரலின் ஓரமெல்லாம் தேன்கூடுபோல் ஓட்டை விழுந்திருக்குமாம். எனக்கோ மூச்சுக்குழாய்களைச் சுற்றிச் செல்கள் சின்னச் சின்னக் கும்பலாய் நின்றன.

"அங்கிள், மூச்சுல எதையோ இழுத்திருக்கீங்க, ஒடம்பு அதோட சண்ட போட்டிருக்கு. வீட்டுல பறவ ஏதும் இருக்கா?"

நான் வாய் திறக்குமுன் சரோஜா சொன்னாள்: "சாமி ரூம்லயே இருக்கு லா, டாக்டர்."

புறாத் தூசிதான் காரணம். விழுந்த தழும்பு போகாது. புறாவை விட்டு, மருந்து சாப்பிட்டால் மேலே பரவாமல் தடுக்கலாம் என்றார்கள்.

திரும்பும் வழியில், முருகன் என் வேண்டுதலைக் கேட்டுவிட்டான் என்று காரிலேயே அழுதேன். சரோஜா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "என் வேண்டுதலயுந்தான் கேட்டுட்டாரு. இந்தப் புறாங்க வீட்ட விட்டுப் போவணும்னு எத்தன வருஷமா வேண்டிக்கிட்டு இருந்தேன்."

அலோர் காஜா ஊரில் இருக்கும் நண்பர் ஒருவர், விஷயம் தெரிந்தே, தோட்டத்தில் திறந்தவெளியில் வளர்க்கப் புறாக்களை வாங்கிக்கொண்டார். இப்போது இருமல் அடங்கிவிட்டது. மூச்சு வாங்க நிற்காமல் கோயிலைச் சுற்றி வருகிறேன்.

நீங்களும் கந்தனிடம் மனம் விட்டுக் கேளுங்கள், நிச்சயம் கொடுப்பான். பக்கத்தில் கைகூப்பி நிற்கும் மனைவி என்ன கேட்கிறாள் என்று மட்டும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.