நடுவில் வைத்த குரல்

என் வீட்டுக்காரரின் ஹெட்போன் இன்னும் அலமாரியில் இருக்கிறது. இடது பக்கத்து ஸ்பாஞ்சு தேய்ந்து, மேல்தோல் உரிந்துவிட்டது. வலது பக்கம் கடையிலிருந்து வாங்கி வந்தபடியே இருக்கிறது. அவர் அதைத் தலையில் மாட்டியதில்லை. இடது பக்கத்தை மட்டும் காதில் வைத்துப் பிடித்துக்கொள்வார்.

சின்ன வயதில் சீழ் வடிந்து அவருக்கு வலது காது கேட்காமல் போனது. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் மெஷின் வேலை. தெரிந்தால் மெஷினை விட்டு எடுத்துவிடுவார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும். ரோட்டில் நடந்தாலும் பஸ்ஸில் உட்கார்ந்தாலும் நான் அவருக்கு இடப்பக்கம்தான். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பழக்கம் போலத் தெரியும்.

ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச்சில் நான் கொயரில் பாடுவேன். வலது கோடியில், உயரமான ஒருவருக்குப் பின்னால் மறைந்து நிற்பேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். தனியாகப் பாட வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் இரண்டு வரி என் தலையில் விழுந்தது. எப்படியோ பாடி முடித்தேன்.

பதிவான குரல்களைச் சேர்த்துப் பாட்டாக்கிக் கொடுத்தது எங்கள் கீபோர்டு வாசிக்கும் பெண். அவள் வீட்டில் குடும்பத்தோடு கூடினோம். லேப்டாப்பில் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு சின்ன வட்டத் திருகு இருந்தது. இடப்பக்கம் திருப்பினால் வலது காதில் சத்தம் குறைந்துகொண்டே போகும். கடைசி வரை திருப்பினால் அந்தக் காதில் ஒன்றுமே இருக்காது. கொயரில் யார் எங்கே நிற்கிறோமோ அங்கேயே அவரவர் குரலை வைத்திருந்தாள். என்னுடையது வலது கோடி, வலது காதில் மட்டும்.

அவளுடைய ஹெட்போன் கை மாறி என் வீட்டுக்காரரிடம் வந்தது. தலையாட்டிக் கேட்டார். என் வரிகள் வரும் நேரம் அவர் முகம் காத்திருந்தது. பாட்டு முடிந்த பிறகும் காத்திருந்தது.

"எப்படி அங்கிள் ஆன்ட்டி பாடினது?"

"வீட்டுல போடற சத்தத்துக்கு இது கம்மிதாம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். அவருடைய கம்பெனி சூப்பர்வைசரும் எங்கள் கொயரில்தான் பாடுகிறார், எதிரே உட்கார்ந்திருந்தார். காதைப் பற்றிச் சொல்ல முடியாது. அந்தப் பெண் பக்கம் திரும்பினேன்.

"பாப்பா, என் குரலை மட்டும் நடுவுல வைக்க முடியுமா?"

"பார்றா!" என்றார் சூப்பர்வைசர். "ரெண்டு வரி பாடினதும் சிஸ்டருக்கு நடுவுல நிக்க ஆசை வந்துடுச்சு!"

மறுபடியும் சிரிப்பு. "ஆமாண்ணே, ஆசைதான்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அந்தப் பெண் திருகை நேராக்கினாள். "நடுவுல வச்சா ரெண்டு காதுலயும் வரும் ஆன்ட்டி. ஆனா ரெண்டும் சேந்து சத்தம் தூக்கிடும்னு சாஃப்ட்வேரே ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் கொறச்சுடும். ஒரு பக்கம் மட்டும் கேட்டா முன்ன மாதிரி முழுசா இருக்காது. பரவால்லயா?"

"பரவாயில்ல."

அவர் மறுபடி கேட்டார். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டார். கேலி எதுவும் செய்யவில்லை. பஸ் ஸ்டாப்பில்தான் வாயைத் திறந்தார்.

"எனக்காக நீ பேச்சு வாங்கணுமா?"

"கேட்டுச்சா இல்லயா?"

"கேட்டுச்சு."

அந்த மாதமே இந்த ஹெட்போனை வாங்கி வந்தார். கொயரில் ரொம்ப நாள் என்னை 'நடு சிஸ்டர்' என்று கூப்பிட்டார்கள். அவருக்குக் கோபம் வரும். நான் அவர் கையைப் பிடித்து அழுத்துவேன்.

அவர் போய் இது இரண்டாவது கிறிஸ்துமஸ். நேற்று அந்தப் பாட்டைப் போட்டு, இரண்டு காதிலும் மாட்டிக் கேட்டேன். என் குரல் நடுவில் தெளிவாக நின்றது. ஏனோ ஒட்டவில்லை. கழற்றி, அவர் பிடிப்பது போல இடது பக்கத்தை மட்டும் காதில் வைத்தேன். வலது பக்கத்து ஆட்களைக் காணோம். அவர்களில் நான் மட்டும் சற்றுத் தணிந்து, ஆனால் இருந்தேன். அவருக்குக் கேட்ட நான் இதுதான்.

எடுத்தபோது காதோரம் உரிந்த ஸ்பாஞ்சின் கறுப்புத் துகள் ஒட்டியிருந்தது. உடனே துடைக்க மனம் வரவில்லை.