கரையில் கிடந்த இரண்டு ஜோடிச் செருப்பு

சுனாமிக்குப் பிறகு எங்கள் மீனவக் குடியிருப்பில் ஒரு தகவல் மையம் திறந்தார்கள். பத்தாவது படித்தவள் என்று என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். எந்தப் படகு கடலில் இருக்கிறது, எது கரையில், அதில் போகும் செல்போன் நம்பர் என்ன என்று பதிய வேண்டும். காற்று வரும் என்று தகவல் வந்தால் கடலில் இருப்பவர்களைக் கூப்பிடுவதற்கு அந்தப் பட்டியல்தான்.

கடலுக்குக் கிளம்புகிறவரிடம் "எங்க போறீங்க" என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டோம். கேட்கச் சொன்னாலும் எனக்கு வாய் வராது. அவர்கள் போன பிறகு வீட்டுப் பெண்கள் வந்து சொல்வார்கள், நான் பதிவேன்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு எச்சரிக்கை வந்தது. பலத்த காற்றாம். திரையைப் பார்த்தேன். போன படகெல்லாம் திரும்பிவிட்டன. அப்பாடா என்றிருந்தது. மறுபடி யாரும் கிளம்பாமலிருக்க, சொல்லிவிட்டு வரலாம் என்று கரைக்குப் போனேன்.

தலை குனிந்தே நடப்பவள் நான். மணலில் இரண்டு ஜோடிச் செருப்பு, கடலுக்குப் போகிறவர்கள் கழற்றிவிட்டுப் போனதுபோல. ஒன்றின் வார் அறுந்து, வலை நூலால் கட்டியிருந்தது. எங்கள் தெரு அண்ணன் ஒருவருடையது என்று பார்த்ததுமே தெரிந்தது; மற்றது அவரோடு படகில் போகிறவருடையது. நிமிர்ந்தேன். மோட்டார் பழுது, கரையில் என்று நான் பதிந்திருந்த அவர் படகைக் காணவில்லை! அந்த அண்ணன் மனைவி திருநள்ளாற்றில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். சொல்ல ஆளில்லை.

ஓடினேன். கம்ப்யூட்டரில் நம்பர் இருந்தது. இரண்டு முறை மணி அடித்து நின்றது. மூன்றாவது முறை எடுத்தார்.

"அண்ணே, காத்து வருதாம், திரும்புங்க!"

"மோட்டாரு இப்பத்தான் சரியாச்சு. ஒரு வலையாவது இழுத்துட்டு..."

"வலை கெடக்கட்டும், வாங்கண்ணே!"

"யாரு பேசுறது? நம்ம தங்கச்சியா இந்தச் சத்தம் போடுது?"

என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. சிரிப்பு வந்தது.

படகு மணலில் ஏறிய கொஞ்ச நேரத்தில் காற்று பிடித்துக்கொண்டது. செருப்பைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன் என்று சொன்னேன். அந்த அண்ணன் அதை மாட்டிக்கொண்டே, "இத இனிமே தூக்கிப் போடமாட்டேன்" என்றார்.

காற்று ஓய்ந்த மறுநாள் விடிந்து மையத்துக்குப் போனேன். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாசலில், கடலுக்குப் போனவர்களின் செருப்புகள் படகுவாரியாக வரிசையாக இருந்தன. செருப்பே போடாத ஒருவர் துண்டை மடித்து வைத்திருந்தார். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆளைக் கண்டுபிடித்து, உள்ளே போய்ப் பதிய ஆரம்பித்தேன்.